கரண்டு கொடுக்க வேண்டியது அரசு! பெட்ரோல் ஊற்ற வேண்டியது நாமா?



ஐப்பசி பிறந்தால் போதும். வானம் கறுக்குதோ இல்லையோ, ஊருக்குள் ஜெனரேட்டர் விற்கிற வண்டி வந்துவிடுகிறது. "புயல் வரப்போகுது, கரண்டு போகப்போகுது, வீட்டுக்கு ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க, முன்பணம் கொஞ்சம் கட்டுனா போதும், மீதி தவணை" என்று மைக் கட்டிக் கூவுகிறார்கள். கையில் நோட்டீஸ் திணிக்கிறார்கள். எங்கள் தெருவில் கொடுத்த நோட்டீசில் ஒரு படம் இருந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், தலைக்கு மேல் மின்விசிறி, மூலையில் சின்னதாக ஒரு சிவப்பு ஜெனரேட்டர். வீட்டுக்குள்ளேயே! அந்தப் படத்தைப் போட்டவனுக்கு அந்தக் குடும்பத்தின் மேல் அப்படி என்ன கோபமோ தெரியவில்லை. அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறோம்.

இந்த நோட்டீசைப் பார்த்து நகையை அடகு வைத்தவர்கள் நம்மிடையே உண்டு. ஆட்டை விற்றவர்கள் உண்டு. தேங்காய் வியாபாரியிடம் வெட்டுக்கு முன்பே பணம் வாங்கிக்கொண்டு, பிறகு அவர் சொன்ன விலைக்குக் காயைக் கொடுத்தவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல இந்தத் துண்டறிக்கை வரவில்லை. இதை எழுதுகிறவன் வீட்டிலும் ஒன்று கிடக்கிறது. இருட்டில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கொசுக்கடியில் உட்கார்ந்திருப்பவனிடம் போய் "ஏன் வாங்கினாய்?" என்று எவனும் கேட்க முடியாது. நாம் கேட்பது வேறு கேள்வி. வாங்க வேண்டிய நிலைக்கு நம்மைத் தள்ளியது யார்? தள்ளிவிட்டு, இப்போது நிம்மதியாகத் தூங்குவது யார்?

கஜா அடித்த பிறகு...

2018 நவம்பர் 16. மறக்க முடியுமா? விடிந்து பார்த்தபோது தென்னை இல்லை, ஓடு இல்லை, கம்பம் இல்லை. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று நாலு மாவட்டத்திலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. டவுனுக்குச் சில நாளில் கரண்டு வந்தது. மெயின் ரோட்டை ஒட்டிய ஊர்களுக்கு அதற்குப் பிறகு வந்தது. ரோட்டைவிட்டு உள்ளே தள்ளியிருக்கிற ஊர்களுக்கு வாரக்கணக்காயிற்று. வயலுக்கு நடுவே நிற்கிற மோட்டார் கொட்டகைக்கு எப்போது வந்தது என்பதை அவரவர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பாருங்கள். இத்தனைக்கும் லைன்மேன்களைக் குற்றம் சொல்ல முடியாது. வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்து, சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்து போனார்கள். அவர்களுக்குச் சோறு போட்டது நம் வீட்டுப் பெண்கள்தான்.

அந்த நாட்களில் என்ன நடந்தது? மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் ஓடவில்லை. தெருக்குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எங்கள் ஊரில் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணி, மைக்செட்காரரின் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத் தொட்டியை ரொப்பினோம். முதல் நாள் ஒரு வாடகை. மூணாம் நாள் வேறு வாடகை. "நாலு ஊருக்காரங்க கேட்குறாங்க, நான் என்ன பண்ணுறது மாமா?" என்றார் அவர். கடைத்தெருவில் ஒரு ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு, செல்போன் சார்ஜ் ஏற்ற இருபது ரூபாய் வாங்கினார்கள். வெளிநாட்டில் இருக்கிற மகனிடம் "உசுரோட இருக்கோம்பா" என்று சொல்ல இருபது ரூபாய்!

இந்த அவஸ்தையைப் பார்த்துத்தான் அடுத்த வருஷமே ஆளாளுக்கு ஓடிப்போய்ச் சின்ன ஜெனரேட்டர் வாங்கினோம். ஊர் சேர்ந்து கேட்க வேண்டியதை வீடு வீடாகக் கடன் வாங்கித் தீர்க்கப் பார்த்தோம். இங்கேதான் நாம் ஏமாந்தோம்.

கணக்குப் பார்ப்போம்

கடையில் சொல்லாத கணக்கு இது. ஒரு மின்விசிறி 75 வாட். இரண்டு மின்விசிறிக்கு 150. நாலு எல்இடி பல்பு, ஒரு டிவி, இரண்டு செல்போன். எல்லாம் சேர்த்து 250 வாட் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை நாலு மணி நேரம் ஓடினால் செலவாவது ஒரே ஒரு யூனிட்.

சாதாரணமான பெட்ரோல் செட் மணிக்கு அரை லிட்டர் குடிக்கும். நாலு மணி நேரத்துக்கு இரண்டு லிட்டர். 2021-ல் நூறைத் தாண்டிய பெட்ரோலை நூறு ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஆக, ஒரு யூனிட் கரண்டுக்கு இருநூறு ரூபாய்! கொஞ்சம் விலை கூடின, சத்தம் குறைந்த புது மாதிரி செட் பாதி குடிக்கும். அப்போதும் யூனிட் நூறு ரூபாய். முழு பாரத்தில் ஓட்டினால் லிட்டருக்கு ஒன்றரை யூனிட் வரை கிடைக்கும், உண்மைதான். ஆனால் குடிசை வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் முழு பாரம் கொடுக்க என்ன இருக்கிறது? கால் பாரத்தில் ஓடுகிற இன்ஜின், ஒரு மூட்டைக்காக லாரி பிடித்த மாதிரி.

வீட்டு மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் 2016-லிருந்து இலவசம். அதற்கு மேல் போனாலும் கீழ் அடுக்கில் யூனிட் ஐந்து ரூபாய்க்குள்தான். இலவசமாக, இல்லையென்றால் ஐந்து ரூபாய்க்குள் கிடைக்க வேண்டிய பொருளுக்கு நாம் கொடுப்பது நூறும் இருநூறும். இதில் வாங்கின விலை சேரவில்லை. தவணை வட்டி சேரவில்லை. ஆயில் மாற்றுகிற செலவு சேரவில்லை.

கஜா சமயத்தில் பெட்ரோல் எண்பது ரூபாய் வாக்கில் இருந்தது. தினம் இரண்டு லிட்டர், இருபது நாள் என்றால் 3,200 ரூபாய். கையில் கிடைத்த மின்சாரம் வெறும் இருபது யூனிட். விழுந்த தென்னைக்கு அரசு அறிவித்த நிவாரணம் மரத்துக்கு 600, அப்புறப்படுத்த 500, ஆக 1,100 ரூபாய். பதினைந்து வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்த மரம். அப்படி மூணு மரத்தின் காசைப் பெட்ரோலாக ஊற்றி இருபது நாளில் புகையாக விட்டோம். நிவாரணத்தை ஒரு கையால் கொடுத்து, இருட்டைக் காட்டி மறு கையால் வாங்கிக்கொண்டார்கள். பெட்ரோல் விலையில் கணிசமான பங்கு வரியாக மத்திய மாநில அரசுகளின் கல்லாவுக்குத்தான் போகிறது. கரண்டு கொடுக்காததற்கு நம்மிடமே வரி!

சட்டப் புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்!

"ஏதோ புயல் வந்தது, யார் என்ன செய்ய முடியும்?" என்று சிலர் சொல்கிறார்கள். கேளுங்கள் ஐயா.

2020 டிசம்பரில் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகள் என்று ஒன்றை வெளியிட்டது. நல்ல பெயர். எல்லா நுகர்வோருக்கும் 24 மணி நேரமும் மின்சாரம் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. படித்தவுடன் சந்தோஷமாக இருக்கும். அடுத்த வரியைப் படியுங்கள். விவசாயம் போன்ற சில பிரிவுகளுக்கு இதைவிடக் குறைந்த நேரம் கொடுத்தால் போதும் என்று ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கலாமாம்! நாட்டிலே எல்லோருக்கும் உரிமை, உழுகிறவனுக்கு மட்டும் விலக்கு.

அதோடு விட்டார்களா? 2022-ல் அந்த விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. பெருநகரங்களிலும் பெரிய ஊர்களிலும் காற்று மாசுபடுகிறதாம். அதனால் டீசல் ஜெனரேட்டர் ஓட்ட வேண்டிய தேவையே வராதபடி தடையில்லாமல் மின்சாரம் கொடுக்க வேண்டுமாம். நல்ல காரியம்தான். நகரத்துப் பிள்ளைகளின் நுரையீரலும் நுரையீரல்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்கு இருப்பது என்ன, சைக்கிள் டியூபா? வேதாரண்யத்திலும் பேராவூரணியிலும் ஜெனரேட்டர் ஓட்டினால் புகை வராமல் பன்னீரா வரும்?

புதைவடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையின் பெரும்பகுதியில் மின்கம்பி மண்ணுக்குள் போகிறது. கடலோரத்தில் நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, கடலூர் நகரங்களுக்கு உலக வங்கிக் கடனில் புதைவடத் திட்டம் எடுத்தார்கள். புயலுக்குத் தாங்க வேண்டும் என்றால் கம்பியை மண்ணுக்குள் கொண்டுபோக வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது பாருங்கள்! நகர எல்லைப் பலகையோடு அந்த அறிவு நின்றுவிடுகிறது. பலகைக்கு இந்தப்பக்கம் அதே சாய்ந்த கம்பம், அதே தொங்குகிற கம்பி, நாற்று நடுகிற பெண் குனிந்து நிமிர்ந்தால் தலையில் உரசுகிற கம்பி.

இது இன்று நேற்று வந்த ஓரவஞ்சனை இல்லை. 2012-ல் சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு. நமக்கு? பத்து மணி, பன்னிரண்டு மணி, சில நாள் அதற்கும் மேலே. அதற்கு முந்தைய வருஷம்தான் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். மூணையும் சாமி படத்துக்குக் கீழே வரிசையாக வைத்துவிட்டு அம்மியில்தான் அரைத்தார்கள் நம் வீட்டுப் பெண்கள். ஜெனரேட்டர் வியாபாரம் ஊருக்குள் நுழைந்தது அப்போதுதான். அன்றைக்குக் கல்யாண மண்டபத்துக்கும் ஜவுளிக்கடைக்கும் வந்தது, கஜாவுக்குப் பிறகு கூரை வீட்டுக்கும் வந்துவிட்டது.

"மோட்டாருக்கு இலவச மின்சாரம் வாங்குகிறவர்களுக்கு இவ்வளவு வாயா?" என்று கேட்கிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். அந்த இலவசம் யாரும் பிச்சையாகப் போட்டதில்லை. 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் மின் கட்டண உயர்வை எதிர்த்து நின்ற மூன்று விவசாயிகள் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். அதற்குப் பிறகும் எத்தனையோ உயிரைக் கொடுத்துத்தான் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் என்ற நிலை வந்தது. அறுந்து கிடக்கிற கம்பியில் இலவசமாக வந்தால் என்ன, காசுக்கு வந்தால் என்ன?

ஒரு கேவிஏ என்றால் என்ன என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்

"இது ஓடினா வீடே ஓடும்" என்று கடைக்காரர் சொல்வார். வீடு ஓடாது. ஒரு கேவிஏ செட்டில் மின்விசிறி, பல்பு, டிவி, செல்போன் ஓடும். மிக்ஸியைத் தனியாகப் போட்டால் ஓடும். பிரிட்ஜ் ஓடுகிறபோது கொஞ்சம்தான் இழுக்கும், ஆனால் கிளம்புகிற நொடியில் பல மடங்கு இழுக்கும், சின்ன செட் முக்கி முனகி நின்றுபோகும். அரை எச்.பி. தண்ணீர் மோட்டாரும் அப்படித்தான். வயலில் இருக்கிற 5 எச்.பி. மோட்டாரைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ஓடும்போதே ஏறக்குறைய 3,700 வாட் வேண்டும், கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதற்குப் பத்து, பதினைந்து கேவிஏ டீசல் செட் வேண்டும். "பயிருக்கும் தண்ணி பாய்ச்சலாம்" என்று சொல்லி ஒன்றரை கேவிஏ செட்டைத் தலையில் கட்டினால், அவரையே மோட்டார் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

வாங்கிவைத்த செட் வருஷத்தில் பதினோரு மாதம் மூலையில் கிடக்கிறது. டேங்கில் பழைய பெட்ரோல் நின்று, கார்புரேட்டரில் பிசின் பிடித்துவிடுகிறது. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வருகிறது. எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். கடலோர ஈரக்காற்றில் கேட்கவே வேண்டாம். (கரும்பு விவசாயிக்கு நிலுவைப் பணம் வராது, கரும்பிலிருந்து எடுத்த எத்தனால் மட்டும் தவறாமல் நம் டேங்குக்கு வந்துவிடும். அது வேறு துண்டறிக்கை.) புயல் ராத்திரியில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை இறங்கினதுதான் மிச்சம் என்று சொல்பவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். வைத்திருப்பவர்கள் ஓட்டி முடித்ததும் பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். மாதம் ஒரு தடவை கொஞ்சம் ஊற்றிப் பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்கள்.

உயிர் விஷயம்

இனிமேல் எழுதுவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வீட்டில் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

கஜாவுக்குப் பிறகு ஒரு ராத்திரி. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் மழை பெய்கிறது என்று ஜெனரேட்டரைத் தாழ்வாரத்தில் வைத்து ஓட்டினார்கள். சாரல் அடிக்கிறது என்று சன்னலைச் சாத்தினார்கள். திருட்டுப் பயம் வேறு, கதவையும் சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்குத் தலைவலி. அம்மாவுக்கு வாந்தி. நிவாரண முகாமில் சாப்பிட்ட சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்கள். ஆத்தா பாயிலேயே நினைவில்லாமல் கிடந்தார், தூங்குகிறார் என்று நினைத்தார்கள். செல்போனை வாங்கிப்போக வந்த பக்கத்து வீட்டுப் பையன் கதவைத் தட்டியதால் பிழைத்தார்கள். ஆத்தாவுக்கு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். அவன் அரை மணி நேரம் கழித்து வந்திருந்தால், இதை வேறு மாதிரி எழுத வேண்டி இருந்திருக்கும்.

அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கிறது. நிறம் இல்லை, வாசனை இல்லை, கண் எரியாது, இருமல் வராது. ரத்தத்தில் காற்று ஏறவேண்டிய இடத்தில் இது ஏறி உட்கார்ந்துகொள்ளும். படிக்காத ஜனங்களுக்குத்தான் இப்படி ஆகும் என்று எண்ண வேண்டாம். 2020 ஆகஸ்டில் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தை லாரா புயல் அடித்தது. அங்கே கடல் பொங்கிச் செத்தவர்களைவிட, புயலுக்குப் பிறகு வீட்டு ஜெனரேட்டர் புகையில் செத்தவர்கள் அதிகம். அவ்வளவு பணக்கார நாட்டில்!

ஆகவே திண்ணையில் வேண்டாம். தாழ்வாரத்தில் வேண்டாம். மாட்டுக்கொட்டகையில் வேண்டாம், மாடும் மூச்சு விடுகிற ஜீவன்தான். வீட்டைவிட்டு இருபது அடியாவது தள்ளி, புகைக்குழாயை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். மழைக்கு நாலு பக்கமும் திறந்த தகரம் ஒன்றை மேலே கட்டுங்கள். பக்கத்து வீட்டுச் சன்னலையும் பாருங்கள். தலைவலி, கிறக்கம், வாந்தி வந்தால் முதலில் எல்லோரும் வெளியே வரவேண்டும், மற்றதெல்லாம் பிறகு. பெட்ரோல் ஊற்றுவது இன்ஜின் ஆறின பிறகுதான். சூட்டில் ஊற்றினால் பற்றிக்கொள்ளும்.

இரண்டாவது விஷயம் என் வீட்டிலேயே நடந்தது. சங்கத்தில் பொறுப்பில் இருப்பவன் இதை எழுத வெட்கப்பட வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

வீடு முழுக்க ஒவ்வொன்றாக வயர் இழுப்பானேன் என்று, இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு வயரைக் கட்டினேன். ஒரு முனை ஜெனரேட்டரில், மறு முனை சுவரில் இருக்கிற பிளக் பாயிண்டில். எல்லா அறையிலும் விளக்கு எரிந்தது. பெருமையாக இருந்தது. மெயினை அணைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். மூணு நாள் அணைத்தேன். நாலாம் நாள் மறந்துவிட்டேன்.

மெயின் திறந்திருந்தால் என்ன ஆகும்? வீட்டுக் கரண்டு சர்வீஸ் வயர் வழியாகத் திரும்பித் தெருக் கம்பிக்கு ஏறும். அந்தக் கம்பி டிரான்ஸ்பார்மரோடு சேர்ந்திருந்தால், 11,000 வோல்ட்டைக் குறைத்து நமக்குக் கொடுக்கிற அதே டிரான்ஸ்பார்மர், நம் ஜெனரேட்டரின் கரண்டை அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தி அனுப்பிவிடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி ஒருவர் கம்பத்தில் ஏறுவார்.

எங்கள் தெருவில் அன்றைக்கு இருந்தது நாலு வீடு ஒட்டின துண்டு லைன். கம்பத்தில் ஏறவிருந்த லைன்மேன் அனுபவசாலி. ஏறுவதற்கு முன்னால் கம்பியை எர்த் பண்ணிப் பார்த்தார். படீர் என்று பொறி பறந்தது. வீடு வீடாக வந்து சத்தம் எங்கே கேட்கிறது என்று தேடி, என் வீட்டு வாசலில் நின்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அண்ணே, ஒம்பது நாளா வீட்டுக்குப் போகல. ஒங்க ஊருக்கு வெளிச்சம் குடுக்கத்தான் வந்தோம். ஒங்க ஜெனரேட்டரு எனக்குச் சங்கு ஊதப் பாத்துச்சே" என்றார். தண்ணீர் கேட்டார். வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிப் போய் அதே கம்பத்தில் ஏறினார்.

அந்த வயரை அன்றைக்கே வெட்டிப்போட்டேன். இப்படி வயர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்து முடித்ததும் வெட்டிவிடுங்கள். ஜெனரேட்டரிலிருந்து தனி வயர் இழுத்து மின்விசிறிக்கும் பல்புக்கும் நேராகக் கொடுங்கள். வீட்டு வயரிங்கிலேயே கொடுக்க வேண்டுமென்றால் தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள். அது இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் சேரும், நம் மறதிக்கு வேலை இல்லை. லைன்மேனும் கேங்மேனும் நம்மைப் போல உழைத்துப் பிழைக்கிற வீட்டுப் பிள்ளைகள். கரண்டு வராத ஆத்திரத்தை அவர்கள் மேல் காட்டுவது ஒரு பாவம் என்றால், இது கொலை.

வீட்டுக்கு வீடு வேண்டாம், ஊருக்கு ஒன்று கொடு!

ஒரு ஊரில் முந்நூறு வீடு என்று வைத்துக்கொள்வோம். முந்நூறு பேரும் தனித்தனியாக ஜெனரேட்டர் வாங்க முடியாது. முப்பது பேர் வாங்குவார்கள், மீதி இருநூற்று எழுபது பேர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருட்டில் படுத்திருப்பார்கள். வாங்கின முப்பது பேரும் இருநூறு ரூபாய்க்கு ஒரு யூனிட் எரிப்பார்கள். ஆனாலும் தொட்டியில் தண்ணீர் ஏறாது.

அதே ஊரில் ஊராட்சிக்கு ஒரு பதினைந்து கேவிஏ டீசல் செட், டிராக்டரில் கட்டி இழுக்கிற மாதிரி சக்கரத்தோடு இருந்தால்? மேல்நிலைத் தொட்டி மோட்டார் மூணு மணி நேரம் ஓட எட்டு, ஒன்பது லிட்டர் டீசல் ஆகும். எல்லா வீட்டுக்கும் தண்ணீர். பங்கு போட்டால் வீட்டுக்கு மூணு ரூபாய்கூட வராது. மோட்டார் ஓடி முடித்ததும் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துவந்தால் எல்லோருடைய செல்போனும் சார்ஜ் ஏறும், துணை சுகாதார நிலையத்தில் தடுப்பு மருந்து கெடாது, பால் சொசைட்டியில் பால் திரியாது. ஒரு செட்டைப் பொறுப்பாக ஓட்ட ஒருவருக்குப் பயிற்சி கொடுத்தால் போதும், முப்பது தாழ்வாரத்தில் முப்பது எமனை வைக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ஊராட்சிகள் இருக்கின்றன. "எல்லாத்துக்கும் வாங்கப் பணம் ஏது?" என்பார்கள். எல்லா ஊராட்சிக்கும் நாளைக் காலையிலேயே கேட்கவில்லை. கடலோர மாவட்டங்களில் ஆரம்பியுங்கள். 2011-ல் தானே கடலூரைச் சுருட்டியது. 2018-ல் கஜா. 2024-ல் பெஞ்சல் விழுப்புரத்தையும் திருவண்ணாமலையையும் மிதக்க வைத்தது. புயல் வரும் மாதமும் தெரியும், அது வந்தால் இருளப்போகும் ஊர்களும் தெரியும். தெரிந்தே தயாராகாமல் இருப்பதற்கு என்ன பெயர்? பணம் இல்லை என்பது பொய். நம்மிடம் இருக்கிறது என்று நினைக்கிறார்கள், அதுதான் உண்மை. நம் தோடும் மூக்குத்தியும் இருக்கிறவரை அவர்களுக்கு அவசரம் இல்லை.

நம் சங்கம் கேட்பது:

கடலோர ஊராட்சி ஒவ்வொன்றுக்கும் ஐப்பசிக்கு முன்பே ஜெனரேட்டரும், பேரிடர் நாட்களுக்கு டீசல் செலவும் அரசே கொடுக்க வேண்டும். சாய்ந்த கம்பத்தையும் தொங்கும் கம்பியையும் மழைக்கு முன்பே சரிசெய்ய வேண்டும். மின் பிரிவு அலுவலகங்களில் காலியாகக் கிடக்கிற களப்பணியாளர் இடங்களை நிரப்ப வேண்டும், ஆள் இல்லாமல் கம்பம் தானாக எழுந்து நிற்காது. குடிநீர்த் தொட்டிக்கும் சுகாதார நிலையத்துக்கும் போகிற லைனையாவது புதைவடமாக மாற்ற வேண்டும். உரிமை விதிகளில் விவசாயத்துக்கு மட்டும் வைத்திருக்கிற அந்த ஓட்டையை அடைக்க வேண்டும்.

சூரிய ஒளித் தகடு மானியத்தில் வருகிறதே, பேட்டரியும் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். வரட்டும், நல்லதுதான். பெட்ரோல் வேண்டாம், புகை இல்லை. இரண்டு மின்விசிறிக்கும் நாலு பல்புக்கும் அது போதும். ஆனால் மானியத்தைக் கழித்த மீதிக் காசுக்கு மறுபடியும் அதே அடகுக்கடையைத்தான் காட்டுகிறார்கள்.

விவசாயிகளே! வட்டக் கிளை அறிவிக்கும் நாளில் வட்டாட்சியர் அலுவலகம் முன்பு கூடுகிறோம். கொடி கொண்டுவருவது கிளைகளின் பொறுப்பு. நீங்கள் கொண்டுவர வேண்டியது ஒன்றுதான். கரண்டு இல்லாத நாட்களில் ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் போட்ட பில். வாடகைக்கு எடுத்தவர்கள் வாடகைச் சீட்டு. அடகு வைத்தவர்கள் அடகுச் சீட்டின் நகல். பில் வாங்காதவர்கள் பள்ளிக்கூட நோட்டில் தேதி, லிட்டர், ரூபாய் என்று எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போட்டுக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் ஊர்வாரியாகக் கட்டி, மொத்தத் தொகையை மேலே எழுதி, அரசுக்கு நம் மின்கட்டண பில்லாகக் கொடுப்போம். நமக்குப் பில் கட்ட எத்தனை நாள் கெடு கொடுக்கிறார்களோ, அத்தனை நாள் நாமும் கெடு கொடுப்போம்.

பெண்கள் கட்டாயம் வரவேண்டும். தொட்டி காய்ந்த நாட்களில் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தது யார் என்பது வட்டாட்சியருக்கும் தெரியட்டும். காலிக் குடத்தையும் கையோடு எடுத்து வாருங்கள்.